பன்னிரண்டு மில்லித் தண்டு

அந்தக் கட்டரைத் தேர்வு செய்தது நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டறையில் சேர்ந்து எனக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. இயற்பியலில் பட்டம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் வீட்டில் சும்மா கிடந்த பிறகு, அப்பா பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் மரப்பட்டறையிலேயே ஸ்டோருக்கு ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னார். ஆணி, பசை, உப்புத்தாள், பிளேடு, எது தீர்ந்தது, எதை வாங்க வேண்டும் என்று பார்க்கும் வேலை. அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து, "பாப்பா, மேஜை, நாற்காலி, ஃபேன் எல்லாம் உண்டு" என்றார். வேலை என்ன என்று சொல்லவே இல்லை. மேஜை இருந்தது, அவருக்கு அது போதும்.

மேஸ்திரிக்கு என்னைப் பிடிக்கவில்லை. அவரைப் பட்டறையில் எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் மில்லிமீட்டரில்தான் பேசுவார். குழம்பில் உப்பு ஒரு மில்லி கம்மி என்பார். மழை வர இன்னும் ரெண்டு மில்லி இருக்கிறது என்பார். நான் சேர்ந்த முதல் நாள் கதவருகே நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மேடம் வந்துட்டாங்கப்பா. இனிமே ஆணிகூட பரீட்சை எழுதிப் பாஸானாத்தான் உள்ள வரும்."

சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவருக்கு அந்த 'மேடம்' மட்டும்தான் காதில் விழுந்திருக்கும்.

அப்போதுதான் ஒரு நூலகத்திலிருந்து அறுபத்து நான்கு கண்ணாடிக் கதவுகளுக்கு ஆர்டர் வந்தது. கதவின் மரச்சட்டத்தில் கண்ணாடியின் விளிம்பு உட்கார ஒரு குறுகிய பள்ளம் வேண்டும். அதைக் காடி என்பார்கள். அகலம் ஐந்து மில்லி, ஆழம் பத்து மில்லி. சட்டத்தின் முனைவரை ஓடிவிடக் கூடாது, ஓடினால் கதவின் தலையில் ஓட்டை தெரியும். முனைக்கு முன்பே நின்றுவிட வேண்டும். மேஜை ரம்பத்தில் தள்ளினால் அது இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுத்துக்கொண்டு போய்விடும். காடி இழைப்புளியும் அப்படித்தான், அதற்கு ஓடுவதற்கு இடம் வேண்டும். வெறும் உளியால் வெட்டினால் அடுத்த வருடம்தான் முடியும். அந்த மரம் கல் மாதிரி. ரூட்டர் என்கிற மின்கருவியில், இதற்கென்றே இருக்கும் வட்டப் பல் கட்டரை மாட்டி வெட்டுவது என்று முடிவாயிற்று. எந்தக் கட்டர் என்று பார்த்து வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மூன்று நாள் மாலை அதற்காகவே உட்கார்ந்தேன். பல்லின் அகலம், பல் எத்தனை, எவ்வளவு ஆழம் போகும், என்ன உலோகம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று தாங்கும். பதினொரு கட்டர்களை ஒப்பிட்டு ஒரு தாளில் கட்டம் போட்டேன். முதலாளி அதைப் பார்த்துவிட்டு மில்லியிடம் நீட்டி, "இப்படி வேலை பாக்கணும்யா" என்றார். மில்லி தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, புருவத்தை நெரித்துப் படிப்பது போல நடித்தார். அதற்கும் சிரித்தார்கள். எனக்கு அவர் மண்டையில் அந்தத் தாளைச் சுருட்டி அடிக்க வேண்டும் போல இருந்தது.

கட்டர் வந்தது. காடி வெட்டுவது அப்பாவின் வேலை. மறுநாள் மாலை கேட்டேன்.

"எப்படிப்பா போகுது?"

"வெண்ணெய்ல போற மாதிரி போகுது பாப்பா."

மூன்று வாரம் நான் அந்த வெண்ணெயில் மிதந்தேன்.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை. பற்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்க்கலாம் என்று பின்பக்கக் கொட்டகைக்குப் போனேன். முதலாளி கேட்டால் சொல்ல ஒரு குறிப்பு வேண்டும் என்ற ஆசை. ரூட்டர் அலமாரியில் கிடந்தது, அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. முப்பத்தெட்டு கதவுகளின் சட்டங்கள் காடி வெட்டி முடிந்து சுவரோரம் சாய்ந்திருந்தன. ஒன்றை எடுத்துக் காடிக்குள் விரலை ஓட்டினேன்.

வட்டமான எதனால் வெட்டினாலும், காடி முடியும் இடத்தில் ஒரு சரிவு வரும். வட்டம் சின்னதென்றால் சரிவு குட்டை. பெரிதென்றால் நீளம். என் கட்டரின் குறுக்களவு நாற்பது மில்லி. பத்து மில்லி ஆழத்துக்கு அதன் சரிவு பதினெட்டைத் தாண்டாது. பள்ளிக்கூடக் கணக்கு. என் விரலுக்கு அடியில் இருந்தது அதைவிட நீளமாக இருந்தது. அடிக்கோலை வைத்தேன். முப்பது. அடுத்த சட்டம், முப்பது. பத்துச் சட்டங்களைப் பார்த்தேன்.

முப்பது மில்லிச் சரிவு விழ வேண்டுமானால் நூறு மில்லி வட்டம் வேண்டும். எங்கள் பட்டறையில் அந்த அளவில் ஒன்றே ஒன்றுதான் உண்டு: கை கிரைண்டரில் மாட்டுகிற பல் தட்டு.

கிரைண்டர் இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் செய்த கருவி. அதில் மரம் அறுக்கும் தட்டை மாட்டுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கிற கிறுக்குத்தனம். தட்டின் பாதியை மறைக்கிற இரும்பு மூடி ஒன்று உண்டு. ஓரமாக ஒரு ரீப்பர் கட்டையைப் பிடித்து அதை ஒட்டிப் பள்ளம் வெட்டினால் மூடி இடிக்கும், கழற்றிவிடுவார்கள். அப்புறம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறை சுழலும் பற்களுக்கும் கைக்கும் நடுவில் இருப்பது காற்று மட்டும்தான். நான் எட்டாவது படிக்கும்போது அப்பாவின் இடது கட்டைவிரலை அந்தக் கருவி குறுக்கே கிழித்தது. பதினொரு தையல். இனி மூடி இல்லாமல் அதைத் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் பலகைக் குவியலில் தனியாக உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனேன்.

"காடிய எதுல வெட்டற?"

"ரூட்டர்லதான்."

"முப்பது மில்லி சரிவு இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். கண்ணாடி உக்காருதுல்ல?"

"என் கட்டர் எங்கப்பா?"

எழுந்து கை கழுவப் போனார். டப்பாவில் சோறு பாதி இருந்தது. திரும்பி வரும்போது தன் பெட்டியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். கட்டர். பல்லின் மேல் கம்பெனியில் பூசிய மெழுகு அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. ரூட்டரையும் எடுத்து வந்து, கட்டரின் தண்டை அதன் வாயில் வைத்துக் காட்டினார். கட்டைவிரலைக் குழந்தை மோதிரத்துக்குள் திணிப்பது போல இருந்தது. எங்கள் ரூட்டரின் வாய் எட்டு மில்லி. நான் வாங்கிய கட்டரின் தண்டு பன்னிரண்டு.

பதினொரு கட்டர்களை ஒப்பிட்ட என் தாளில் பல்லுக்கு இடம் இருந்தது, சுற்றுக்கு இடம் இருந்தது. தண்டின் தடிமனுக்கு ஒரு கட்டம் இல்லை. ரூட்டரை ஒரு தடவை கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்டிருக்கும் கேள்வி அது. நான் எடுத்ததில்லை. சின்ன வயதில் வீட்டில் கிடக்கும் உளியையோ சுத்தியலையோ தொட்டால், அப்பா எங்கிருந்தாலும் வந்து வாங்கி வைத்துவிடுவார். "வை. உன் கை இதுக்கில்ல." திட்டாமல்தான் சொல்வார். எனக்கு அதில் பெருமை வேறு. இருபத்து மூன்று வயதில், மரப்பட்டறைக்குக் கருவி வாங்கும் வேலையில், ஒரு கருவியையும் பிடித்திராத ஒருத்தியாக நான் உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு தப்பு எங்கள் வீட்டில் மட்டும்தான் நடக்கும்.

"ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா?"

"மாத்தியிருப்பேன்."

"மாத்தறதுக்குச் சீட்டு எழுதணும். சீட்டுல மில்லி கையெழுத்துப் போடணும். ஏன்னு கேப்பான். பட்டறை முழுக்கச் சிரிக்கும். நீ வந்தே ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்திருந்தது. "இன்னும் இருபத்தாறு கதவுதான். யாருக்கும் தெரியாம முடிஞ்சிரும்."

"உன் கை?"

"என் கைக்கு என்ன? வேணும்னா விரல எண்ணிக்கோ."

விளையாட்டாக இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நான் சிரிக்கவில்லை. ஆனால் போய் மில்லியிடம் சொல்லவும் இல்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கருவிக் கடைக்கு அன்று மதியமே போன் செய்தேன். எட்டு மில்லித் தண்டில் அதே கட்டர் கைவசம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பட்டறைக் கணக்கில் வாங்கப் பட்டறைச் சீட்டு வேண்டும். என் கைப்பணத்தில் வாங்கலாம் என்றால் அந்தக் கடைக்காரர் மில்லியோடு தினமும் டீ குடிப்பவர். ஆகவே, வெளியூரிலிருந்து பார்சலில் வருகிற மாதிரி, வீட்டு முகவரிக்கு ஆன்லைனில் ஒன்று சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை வரும் என்றது. இன்றைக்கே கிடைக்கும் கட்டர் ஒரு பக்கம், வெள்ளிக்கிழமை கிடைக்கும் கட்டர் ஒரு பக்கம். நான் வெள்ளிக்கிழமையைத் தேர்வு செய்தேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அத தொடாதப்பா" என்று வீட்டில் சொன்னேன்.

"சரி பாப்பா."

புதன்கிழமை காலை ஒன்பதரைக்குப் பின்பக்கத்திலிருந்து கிரைண்டர் சத்தம் வந்தது. அது அவர்தான் என்று எனக்குத் தெரியும். வேறு யாராகவும் இருக்கலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, பசை டப்பாக்களை எண்ண உட்கார்ந்தேன். மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது.

டீ நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் மாறியது. ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டர் மரத்தின் கணுவில் சிக்கினால் ஒரு கணம் குரல் தாழும், அப்புறம் ஏதோ பிடி விட்டது போல வீறிட்டு எழும். எழுந்தது. பிறகு யாரும் நிறுத்தாமல் அது பாட்டுக்குத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் போவதற்குள் மெருகு பூசும் அக்கா போய் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். அப்பா நின்றுகொண்டுதான் இருந்தார். ரீப்பரைப் பிடித்திருந்த இடது கையைத் துண்டால் சுற்றி மார்போடு அழுத்தியிருந்தார். துண்டு வெள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றார். "உளி வழுக்கிருச்சு."

காலடியில் கிரைண்டர் கிடந்தது. தட்டில் மூடி இல்லை. பக்கத்தில் ஒரு உளிகூட இல்லை. அக்கா அதைப் பார்த்தார், மில்லி அதைப் பார்த்தார், சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் பார்த்தார்கள். அக்காதான், "அந்த உளிய நான் எடுத்து வெக்கிறேண்ணே, நீங்க போங்க" என்றார். இல்லாத உளியை.

மில்லி ஆட்டோ பிடித்தார். நானும் ஏறினேன்.

மருத்துவமனையில் இருந்த டாக்டர் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். துண்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"எதால வெட்டுச்சு?"

"உளிம்மா" என்றார் அப்பா. "வழுக்கிருச்சு."

டாக்டர் காயத்தைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். என் கல்லூரி வாசலில், உள்ளே வரச் சொல்லாதே, நான் இங்கேயே நிற்கிறேன் என்று கெஞ்சிய பார்வை. அன்றைக்கு அவர் சொன்னபடி விட்டுவிட்டேன்.

"கிரைண்டர்" என்றேன். "மரத் தட்டு போட்டது. மூடி இல்லாம. நான் தப்பான கட்டர் வாங்கினேன், அதனாலதான் இவரு... என்னாலதான்."

"யாராலன்னு நான் கேக்கல. எதாலன்னுதான் கேட்டேன்." டாக்டர் நிமிரக்கூட இல்லை. "உளின்னா சுத்தமா வெட்டும், கழுவித் தெச்சு அனுப்பிடுவேன். இது பிய்ச்சிருக்கு. உள்ள எங்கெங்கயோ தூள் போயிருக்கும். அத விட்டுத் தெச்சா சீழ் வெச்சுக் கையே போகும்." அப்பாவிடம் திரும்பினார். "இந்தச் சுண்டுவிரல மடக்குங்க."

அப்பா மடக்கப் பார்த்தார். முகத்தில் தசை எல்லாம் மடங்கியது. சுண்டுவிரல் அப்படியே நின்றது.

"விரல மடக்கற தசைநார் அறுந்திருக்கு. சேத்துத் தெக்கறேன். மடங்குமா மடங்காதான்னு ஆறு வாரம் போனாத்தான் சொல்ல முடியும். நீங்க வெளிய இருங்க."

வெளியே பெஞ்சில் மில்லி உட்கார்ந்திருந்தார். எதிரே போய் நின்றேன்.

"மேஸ்திரி, உளி இல்ல."

"தெரியும்."

"கட்டர் நான் தப்பா வாங்கினது. தண்டு பன்னெண்டு."

"அதுவும் தெரியும்மா. வந்த அன்னிக்கு மாட்டிப் பாத்ததே நான்தான்."

"அண்ணன் என் கையப் புடிச்சுக்கிட்டாரு" என்றார். "பொண்ணுக்குத் தெரிய வேணாம், நான் எப்படியாவது முடிச்சிர்றேன்னு. பத்தொம்போது வருஷத்துல எங்கிட்ட ஒரு லீவுகூடக் கேக்காத ஆளு. நான் என்னன்னு சொல்றது?"

"வேற யாருக்குத் தெரியும்?"

பதிலே வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும். மூன்று வாரமும் நான் அந்தப் பட்டறைக்குள் நடந்தபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றியிருக்கிறார்கள். நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"சிரிச்சிருக்கலாம்ல நீங்க" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "அன்னிக்கே நடு முற்றத்துல வெச்சு எல்லாரும் சிரிச்சிருந்தா, அடுத்த நாள் வேற கட்டர் வந்திருக்கும். தலைகீழாப் புடிச்சுக் காட்டத் தெரியுது, இதுக்குச் சிரிக்கத் தெரியாதா?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றார் மில்லி. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "செஞ்சிருக்கணும்."

பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். ஸ்டோர் சாவியோடு எப்போதும் என்னிடம்தான் இருக்கும்.

"கையெழுத்துப் போடுங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. ஸ்டோர்ல தப்பான தண்டு வாங்கினதுன்னு எழுதுங்க."

"அளவு மாத்தறதுக்குன்னு போட்டுக்கலாமே."

"நான் சொன்னத எழுதுங்க."

எழுதினார். அவர் கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது.

கட்டு போட்டு முடிய ஐந்து மணி தாண்டிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றால் அப்பா கேட்கவில்லை. அவருடைய பெட்டி பட்டறையில் திறந்து கிடக்கிறதாம். திரும்பி வந்தோம். வழியில் ஆட்டோவில் ஒரே ஒரு தடவை பேசினார், வெளியே பார்த்துக்கொண்டு.

"எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதிக் குடுத்துட்டியே."

"எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்ப்பா."

அது அவருக்குத் தெரியாது. மில்லியோடு நின்றுவிட்டது என்று நினைத்திருக்கிறார். மில்லி முன் இருக்கையில் இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

பின்பக்கக் கொட்டகையில் ரத்தத்தின் மேல் மரத்தூளை அள்ளிப் போட்டிருந்தார்கள். நான் நேராகப் போய் அலமாரியிலிருந்து ரூட்டரை எடுத்தேன். நினைத்ததைவிடக் கனம். அதன் வாய்க்குள் கட்டரின் தண்டைக் கவ்விப் பிடிக்கிற சின்ன எஃகுக் குழல் ஒன்று உண்டு, காலெட் என்பார்கள். அதைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப் போய், கட்டரை அதற்குள் விட்டுப் பார்த்துதான் வாங்குவது என்று ஆட்டோவிலேயே முடிவு செய்திருந்தேன். தாளும் வேண்டாம், கட்டமும் வேண்டாம்.

"குடும்மா, நான் கழட்டறேன்" என்றார் மில்லி.

"வேணாம்."

இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. எது எங்கே என்று ஒரு நிமிடம் பிடித்தது. திருப்பினேன், அசையவில்லை. முழு பலத்தையும் போட்டேன். ஸ்பேனர் வழுக்கி என் விரல் முட்டி மேஜை விளிம்பில் இடித்தது. தோல் உரிந்தது.

அப்பா பலகைக் குவியலில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை கழுத்திலிருந்து தொங்கியது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து வாங்கிவிடுவார் என்று நினைத்தேன். "வை" என்று அவர் உதடு ஆரம்பித்தது. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். ஸ்பேனரை விடவில்லை.

"எதிர்ப்பக்கம்" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவர் என்னிடம் பேசவில்லை.

எதிர்ப்பக்கம் திருப்பினேன். மரை விட்டது. காலெட் என் உள்ளங்கையில் விழுந்தது, பேனா மூடி அளவுகூட இருக்காது. கடை ஆறு மணிக்குச் சாத்துவார்கள். பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அதைக் கைக்குள் மூடிக்கொண்டு, சீட்டை வாயில் கவ்விக்கொண்டு ஓடினேன்.